பிள்ளை பார்க்க வருகிறவரிடம் எதையெல்லாம் எதிர்பார்க்கலாம்?

கொக்குவில் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு வருகிற கிழமை ஆறு மாதம் முடிகிறது. 84 வேலை நாள் பிரசவ விடுமுறை முடிந்து, வருடாந்த லீவும் முடிந்து, இப்போது சம்பளமில்லாத லீவில் நிற்கிறேன். முதலாம் திகதி வேலைக்குப் போயே ஆக வேண்டும். யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பகுதி. கணவருக்குக் கிளிநொச்சியில் வேலை. விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் திரும்பி வர இரவு ஏழாகும். அம்மா பருத்தித்துறையில் முழங்கால் வருத்தத்தோடு அப்பாவையும் பார்த்துக்கொண்டு இருக்கிறார். மாமி கனடாவில். பக்கத்தில் உள்ள பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் ஒன்றரை வயதுக்குப் பிறகுதான் எடுப்பார்களாம்.

அதனால் வீட்டுக்கு வந்து பிள்ளை பார்க்க ஒருவரைத் தேடினோம். கோண்டாவிலில் இருந்து ஓர் அக்கா வந்து கதைத்துவிட்டுப் போனார். 48 வயது. முன்பு மூன்று வீடுகளில் பிள்ளை பார்த்திருக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஏழரையிலிருந்து பின்னேரம் ஐந்தரை வரை, மாதம் 35,000 ரூபாய் கேட்டார். ஆளைப் பார்த்தால் நல்லவராகத்தான் தெரிந்தது. ஆனால் நான் "இருங்கோ அக்கா, தேத்தண்ணி குடியுங்கோ" என்று சொன்னதைத் தவிர ஒன்றுமே கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. ஒருவரை இருத்திவைத்துப் பரீட்சை வைப்பது போல இருந்தது.

கணவர் சொல்கிறார், எல்லாவற்றையும் எழுதி அவரிடம் கொடு என்று. அம்மா சொல்கிறார், "எழுதிக் குடுத்தால் அந்த மனுசியின்ரை மனம் நோகும், சொந்தக்காரர் மாதிரி வைச்சிருந்தால் அவளே எல்லாம் பாப்பாள்" என்று. எனக்கு இரண்டும் சரி போலவும் இருக்கிறது, இரண்டும் பயமாகவும் இருக்கிறது.

என் மனதில் இருப்பவை இவை. நான் எடுத்து வைத்துவிட்டுப் போகிற பாலைச் சரியாகக் கொடுக்க வேண்டும். போன், ரீவி காட்டக்கூடாது. தேன், கோரோசனை, வசம்பு எதுவும் நாக்கில் வைக்கக்கூடாது. அப்புறம் கிணறு. எங்கள் வீட்டில் குசினிக் கதவைத் திறந்தால் பத்தடியில் கிணற்றடி. கட்டு என் இடுப்பளவுதான். மகள் இப்போது புரளத் தொடங்கிவிட்டாள், இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் தவழ்ந்துவிடுவாள். இரவில் அதை நினைத்து எழும்பி இருக்கிறேன்.

சமையலும் செய்து தருகிறேன் என்று அந்த அக்கா சொன்னார். அதைக் கேட்கலாமா? வீட்டுக்குள் கமரா வைக்கலாமா? வேறு என்ன கேட்க வேண்டும்? ஆள் வைத்துப் பிள்ளை வளர்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

சுன்னாகம் அப்பா

எங்கள் மகனை இரண்டு வருடம் ஓர் அன்ரி பார்த்தார். அதற்கு முன்பு வந்த ஒருவர் மூன்றாம் மாதமே நின்றுவிட்டார். அது எங்கள் பிழை. ஐந்தரை என்று பேசிவிட்டு நாங்கள் ஆறே முக்காலுக்கு வந்தோம். கிழமையில் மூன்று நாள் அப்படி. அவருக்குக் கடைசி பஸ், வீட்டில் பொம்பிளைப் பிள்ளை தனிய. ஒரு நாளும் முறைப்பாடு சொல்லவில்லை. ஒரு நாள் வரவில்லை, அவ்வளவுதான்.

எழுதுங்கள். ஒரு தாள் போதும். வேலை நேரம், பிந்தினால் மேலதிகமாக எவ்வளவு, சம்பளத் திகதி, சம்பளத்தோடு லீவு எத்தனை நாள், நல்லூர்க் கொடியேற்றம், தேர், தீர்த்தத்துக்கு எப்படி, நிற்பதானால் எத்தனை நாளுக்கு முதல் சொல்வது. அவரும் கையெழுத்து வைக்கட்டும், நீங்களும் வையுங்கள், ஆளுக்கொரு பிரதி. அடையாள அட்டைப் பிரதி, விதானையாரிடம் (கிராம சேவகர்) நற்சான்று, முன்பு பார்த்த வீடுகளின் தொலைபேசி இலக்கம், இவற்றைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இலக்கம் வாங்கினால் கட்டாயம் எடுத்துக் கதையுங்கள். "ஏன் நின்றவ?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

கமரா வைப்பதானால் சொல்லிவிட்டு வையுங்கள். விறாந்தையிலும் பிள்ளை விளையாடுகிற அறையிலும் போதும். அவர் உடுப்பு மாற்றுகிற, சரிந்து படுக்கிற இடத்தில் வேண்டவே வேண்டாம். ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்தால் அடுத்த நாள் அவர் எந்த மனதோடு உங்கள் பிள்ளையைத் தூக்குவார்?

பிள்ளைகளின் அன்ரி, கோப்பாய்

தங்கச்சி, நான் ஆள் வைத்தவள் இல்லை. பிள்ளை பார்க்கப் போகிறவள். 2003 இல் தொடங்கினேன். போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்து வன்னியிலிருந்து திரும்பி வந்த அடுத்த வருடம். இதுவரை ஒன்பது பிள்ளைகள். மூத்தவன் இப்போது திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், வழியில் கண்டால் சைக்கிளை நிற்பாட்டி "அன்ரி" என்று கூப்பிடுவான். உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு இரவு முழுக்க இதைத்தான் யோசித்தேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இதை எந்தத் தாய்க்கும் நான் இவ்வளவு விரிவாகச் சொன்னதில்லை.

நான் முதல் வேலை செய்த வீடு நல்லூரில். தாயும் தகப்பனும் வேலை. பிள்ளைக்கு எட்டு மாதம். ஒரு நாள் கட்டிலின் நடுவில் கிடத்திவிட்டு, பக்கத்து அறையில் காயவைத்த சட்டையை எடுக்கப் போனேன். ஒரு நிமிடம்கூட இல்லை. தொப்பென்று சத்தம் கேட்டது. ஓடி வந்தால் பிள்ளை சீமெந்து நிலத்தில். அலறிவிட்டு, தூக்கியதும் அடங்கிவிட்டான். நெற்றியில் ஒரு வீக்கம். நான் நடுங்கிப்போனேன். பின்னேரம் தாய் வந்து "இதென்ன?" என்று கேட்டபோது, "விளையாட்டுச் சாமானிலே இடிபட்டுட்டான்" என்று சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம். எனக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள், அந்தச் சம்பளத்தை நம்பி.

அன்று இரவு அவன் சத்தி எடுத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருக்கிறார்கள். விழுந்தவனா, எவ்வளவு உயரத்திலிருந்து, எப்போது, உடனே அழுதவனா, மயங்கினவனா என்று டொக்டர் கேட்டிருக்கிறார். அவர்களுக்கு என்ன தெரியும்? விளையாட்டுச் சாமானில் இடிபட்டது என்று நான் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். விடிய நான் வேலைக்குப் போனபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரியும். வார்ட்டுக்குப் போய், அந்தத் தாயின் முன்னால் நின்று, "அம்மா, அவன் கட்டிலாலே விழுந்தவன், நான் பொய் சொல்லிப்போட்டன்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நேரே போய் டொக்டரிடம் சொன்னார். ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு விட்டார்கள்.

என்னை நிற்பாட்டுவார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். "விழுறது எல்லாப் பிள்ளையும்தான். என்ரை கையாலேயும் விழுவான். ஆனால் நீங்கள் மறைச்சால் நான் குருடி மாதிரி நிற்க வேண்டியிருக்கு. இனி எது நடந்தாலும் அந்த நிமிஷமே எனக்குப் போன் எடுங்கோ, நான் ஏசமாட்டன்" என்றார். அவர் சொன்னபடியே ஏசவும் இல்லை. அந்த வீட்டில் ஆறு வருடம் நின்றேன்.

அதனால், என்ன எதிர்பார்க்கலாம் என்று நீங்கள் கேட்டதற்கு நான் முதலாவதாகச் சொல்வது இது. நீங்கள் இல்லாத பத்து மணித்தியாலத்தில் நடந்ததை, கெட்டது உட்பட, உங்களுக்குச் சொல்லுகிற ஆள் வேண்டும். மற்ற எல்லாவற்றையும் பழக்கலாம். பால் சூடாக்கப் பழக்கலாம், பம்பஸ் மாற்றப் பழக்கலாம். அந்த அக்காவிடம் இப்படிக் கேளுங்கள்: "அக்கா, முந்திப் பார்த்த பிள்ளைகள் எப்பவாவது விழுந்திருக்கினமோ? அப்ப என்ன செய்தனீங்கள்?" ஒரு பிள்ளையும் என் கையில் ஒரு நாளும் விழவில்லை என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். பத்து வருடம் பிள்ளை பார்த்தவருக்கு அப்படி இருக்காது. இன்ன நாள், இன்ன இடத்தில், இப்படிச் செய்தேன் என்று சொன்னால் அவர் உங்களுக்கும் சொல்வார். ஆனால் சொன்ன அன்று நீங்கள் கத்தினால் அடுத்த முறை சொல்லமாட்டார். அது உங்கள் கையில் இருக்கிறது.

சமையல். நானும் பல வீடுகளில் சமைத்திருக்கிறேன், வாய் திறந்து மறுக்கத் தெரியாமல். இப்போது மறுக்கிறேன். பிள்ளையின் சாப்பாடு நான் செய்வேன். பிள்ளையின் உடுப்பு, ஏணைச் சீலை, போத்தல் அவிக்கிறது, பிள்ளை விளையாடின இடத்தைக் கூட்டுவது எல்லாம் என் வேலை. பெரியவர்களுக்குக் கறி காய்ச்சுவது என் வேலை இல்லை. மீன் வெட்டிக்கொண்டு குந்தியிருக்கும்போது தவழுகிற பிள்ளை எங்கே போகும்? உங்கள் வீட்டில் குசினிக் கதவிலிருந்து பத்தடியில் கிணறு என்கிறீர்கள். அந்த அக்கா நல்ல மனதோடு கேட்டிருப்பார், கூடக் கொஞ்சம் சம்பளம் கிடைக்கும் என்றும் இருக்கலாம். பிள்ளை தவழத் தொடங்க முதலே அதை நிற்பாட்டுங்கள். வேண்டுமென்றால் பிள்ளை நித்திரையான நேரத்தில் உங்கள் வீட்டு மரக்கறியை வெட்டி வைக்கட்டும், அவ்வளவு போதும்.

கிணற்றுக்கு வருகிறேன். என்னிடம் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. வேலைக்குச் சேர முதல் அந்த வீட்டைச் சுற்றி நடந்து பார்ப்பேன். நான் நிற்கிற உயரத்தில் ஒரு தரம், குந்தியிருந்து பிள்ளையின் உயரத்தில் ஒரு தரம். மானிப்பாயில் ஒரு வீட்டில் கட்டுக் குறைந்த கிணறு, சுற்றிவர ஒன்றும் இல்லை. "இதுக்கு மேலே கம்பி மூடியும் கிணற்றடிக்கு ஒரு படலையும் போட்டால்தான் வருவன்" என்றேன். அவர்களுக்குச் சிறிது கோபம்தான். ஆனால் ஒரு கிழமையில் வெல்டிங் கடையில் சொல்லிச் செய்வித்தார்கள். கொழுக்கி மேலே, பெரியவர்களின் கைக்கு மட்டும் எட்டுகிற இடத்தில். கிணறு மட்டும் இல்லை, தங்கச்சி. தண்ணீர் நிரப்பி வைத்த வாளி, பேசின், உடுப்பு ஊறவைத்த பாத்திரம் எல்லாமும்தான். நாலு விரல் ஆழத் தண்ணீரிலே முகம் குப்புற விழுந்தால் சின்னப் பிள்ளைக்கு எழும்பத் தெரியாது. வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைக்கிற பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வேண்டும்.

2012 இல் கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு வீட்டில் மூன்று வருடம் நின்றேன். அந்தத் தாய் லண்டனில் இருந்து வந்தவர். முதல் நாளே ஒரு கொப்பியைத் தந்தார். இடது பக்கம் அவர் எழுதுவார், வலது பக்கம் நான். இரவு எத்தனை தரம் எழும்பினாள், காலையில் என்ன குடித்தாள் என்று அவர் எழுதிவிட்டுப் போவார். எத்தனை மணிக்கு எவ்வளவு பால், எத்தனை தரம் நனைத்தாள், எவ்வளவு நேரம் நித்திரை, புதிதாக என்ன செய்தாள் என்று நான் எழுதுவேன். எனக்கு முதலில் உங்கள் அம்மா சொன்ன மாதிரித்தான் மனம் நொந்தது, என்னை நம்பவில்லை என்று. ஒரு மாதத்தில் விளங்கிவிட்டது. அவர் தன் பக்கத்தையும் எழுதினாரே. இரண்டு பேரும் ஒரு பிள்ளையைக் கைமாற்றுகிறோம். காலையில் அவர் எனக்குச் சொல்ல வேண்டும், பின்னேரம் நான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

அவர் சொல்லித்தான் இன்னொன்றும் தெரியும். லண்டனில் 1892 இலேயே எமிலி வார்ட் என்று ஓர் அம்மா, பிள்ளை பார்க்கிறவர்களுக்கென்றே ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினாராம். நோர்லண்ட் என்று பெயர். இப்போது அது பாத் நகரில் கல்லூரியாக இருக்கிறதாம். அதைக் கேட்ட அன்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. எங்கள் ஊரில் "வேலைக்காரி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறதை, இன்னோர் ஊரில் நூறு வருடத்துக்கு மேலாகப் படித்துச் செய்கிறார்கள்.

அதனால்தான் கேட்கிறேன், எழுதிக் கொடுங்கள். எழுதினால் மனம் நோகும் என்று அம்மா நினைப்பது எழுதுகிற விதத்தில்தான் இருக்கிறது. நீங்கள் மட்டும் எழுதி நீட்டினால் அது கட்டளை. அவரை இருத்தி, "அக்கா, உங்களுக்கு என்ன வேணும்? அதையும் எழுதுவம்" என்று கேட்டு இரண்டு பேருமாக எழுதினால் மனம் நோகாது.

அவருக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் ஊகிக்கக் கஷ்டப்பட்டால் என்னுடையதைச் சொல்கிறேன். மாதம் முடிந்த அன்றே சம்பளம், நான் வாய் திறந்து கேட்கும்படி வைக்கக்கூடாது. எனக்குக் காய்ச்சல், தடிமன் என்றால் வராமல் இருக்க லீவு, சம்பளம் வெட்டாமல். வெட்டுவீர்கள் என்றால் இருமலோடு வந்து உங்கள் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் நிற்பேன். மத்தியானம் பிள்ளை நித்திரையில் இருக்கும்போது நானும் அரை மணித்தியாலம் இருக்க வேண்டும்.

பிறகு கோப்பை. ஒரு வீட்டில் எனக்குத் தனிக் கோப்பையும் தனித் தட்டும் குசினிக்கு வெளியே வைத்தார்கள். என் கையால் அவர்களின் பிள்ளைக்குச் சோறு குழைத்து ஊட்டலாம், நான் குடித்த கோப்பை உள்ளே வரக்கூடாது. அந்த வீட்டில் ஒரு மாதம்தான் நின்றேன். அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தது இன்றைக்கும் மனதில் இருக்கிறது.

உங்களுக்குள்ளே ஒன்று வரும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் ஒரு நாள் உங்கள் கையிலிருந்து அந்த அக்காவிடம் தாவுவாள். அல்லது அவரைப் பார்த்து "அம்மா" என்று சொல்லிவிடுவாள். அன்றைக்கு உங்களுக்கு அழுகை வரும். எத்தனை தாய்மாரின் முகத்தில் பார்த்திருக்கிறேன். நான் உடனே "நான் அன்ரி, அம்மா அந்தா வாறா" என்று திருத்திச் சொல்லிக்கொடுப்பேன், ஒவ்வொரு முறையும். நல்ல ஆள் அப்படிச் செய்வார். பிள்ளை அவரிடம் ஒட்டுவதைப் பயப்படாதீர்கள். ஒட்டாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

முதல் பல், முதல் அடி, இவற்றைப் பற்றியும் முன்கூட்டியே கதையுங்கள். நான் பகல் முழுக்க நிற்பதால் அனேகமாக நான்தான் முதலில் காண்பேன். வெள்ளவத்தைத் தாய் கேட்டார், "அவள் நடந்தால் எனக்குச் சொல்லாதேங்கோ, நானே காணவேணும்" என்று. நான் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் முன்னால் நாலடி வைத்தாள். எதையும் மறைக்கக்கூடாது என்று மேலே சொன்னவள்தான் நான். ஆனால் இது அவர் கேட்டுக்கொண்டது, அதனால் எனக்கு உறுத்தவில்லை. இன்னொரு தாய், பல் தட்டுப்பட்ட அந்த நிமிடமே படம் எடுத்து அனுப்பச் சொன்னார், பல்லுக்கொழுக்கட்டைச் சடங்குக்கு நாள் பார்க்க வேண்டுமாம். உங்களுக்கு எது விருப்பம் என்று அவருக்குத் தெரியவேண்டும்.

அடி. பிள்ளைக்குக் கை நீட்டுவது, நுள்ளுவது, பூச்சாண்டி காட்டிச் சாப்பிட வைப்பது ஒன்றும் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நீங்களும் அவர் முன்னால் செய்யாதீர்கள்.

கடைசியாக, முதலாம் திகதி நேரே விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு கிழமை முதலே வரச் சொல்லுங்கள், சம்பளம் கொடுத்து. நீங்கள் வீட்டில் இருக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வந்ததும் கை கழுவுகிறாரா? பிள்ளையோடு கதைக்கிறாரா, அல்லது உங்களோடு மட்டுமா? வந்ததும் வராததுமாகப் பிள்ளையைப் பறித்துத் தூக்குகிறவரைவிட, பக்கத்தில் குந்தியிருந்து பிள்ளை தன்னைப் பார்த்துப் பழகும் வரைக்கும் பொறுத்திருக்கிறவர் நல்லவர். இந்த வயதில்தான் முகம் பார்த்து அழத் தொடங்குவார்கள்.

ஓய்வுபெற்ற மருத்துவமாது

மேலே அன்ரி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். தலையில் அடிபட்ட கதையில் அவர் சொன்னது மிகச் சரி. எப்போது, எவ்வளவு உயரம், உடனே அழுததா, சத்தி எடுத்ததா, வழமைக்கு மாறாக நித்திரை கொள்கிறதா, இவைதான் வைத்தியருக்குத் தேவை. நான் சுகாதாரப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

தாய்ப்பால்: எடுத்த பால் பிரிட்ஜில் நாலு நாள் வரை இருக்கும், கதவுப் பக்கத்தில் வைக்காமல் உள்ளே வையுங்கள். வெளியில் நாலு மணித்தியாலம் என்று சொல்வது 25 பாகை சூட்டுக்கு. எங்கள் பங்குனி, சித்திரை வெயிலில் அதை நம்பவேண்டாம், வெளியே எடுத்தால் உடனே கொடுத்துவிட வேண்டும். போத்தலைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றலாம், மைக்ரோவேவில் கூடாது. பிள்ளை குடித்து மீந்ததை இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு ஊற்றிவிடவேண்டும். ஒவ்வொரு போத்தலிலும் எடுத்த திகதி, நேரம் ஒட்டி வையுங்கள், அப்போது அவருக்குக் குழப்பம் வராது. கரண்ட் போனால் பிரிட்ஜை அடிக்கடி திறக்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

ஆறு மாதம் முடிகிறது என்றால் சாப்பாடும் தொடங்கப்போகிறீர்கள். புதுச் சாப்பாட்டை முதல் முதல் நீங்கள் வீட்டில் நிற்கும் நாளில் கொடுங்கள். தேன் ஒரு வயது வரை கூடாது, நீங்கள் நினைத்தது சரி. கச்சான் (நிலக்கடலை), முழுத் திராட்சை, ரம்புட்டான் கொட்டையோடு, இவையெல்லாம் தொண்டையில் அடைக்கக்கூடியவை. அடைத்தால் ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைக் கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால் திருப்பி, நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்து. பொருள் கண்ணுக்குத் தெரியாமல் வாய்க்குள் விரல் விட்டுத் தேடக்கூடாது. இதை எழுத்தில் வாசித்துப் பழக முடியாது. செஞ்சிலுவைச் சங்கத்தார் முதலுதவிப் பயிற்சி நடத்துகிறார்கள். அந்தக் கட்டணத்தை நீங்கள் கட்டி, அவரையும் கூட்டிக்கொண்டு நீங்களும் போங்கள்.

மருந்து: உங்களைக் கேட்காமல் எதுவும் கொடுக்கக்கூடாது. பரசிற்றமோல் சிரப்பின் அளவு வயதைப் பார்த்து இல்லை, நிறையைப் பார்த்து. கிளினிக்கில் நிறுத்தபோது கேட்டு, மில்லிலீற்றரில் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டுங்கள். நிறை கூடக்கூட அதையும் மாற்றவேண்டும். மழைக் காலத்தில் இங்கே டெங்கு கூடும். அப்போது காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல் மருந்து வேண்டவே வேண்டாம்.

நித்திரைக்கு முகம் மேலே பார்க்க நிமிர்த்தித்தான் கிடத்தவேண்டும், தலையணை வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வருகிற அம்புலன்ஸ் இலவசம், வடக்கில் 2018 இலிருந்து ஓடுகிறது. அந்த இலக்கத்தையும், உங்கள் இரண்டு பேரின் இலக்கத்தையும், வீட்டு விலாசத்தையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் மற்ற வீட்டு விலாசம் வாயில் வராது. கிளினிக் கொப்பி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவேண்டும். ஒன்பது மாதத்தில் எம்.எம்.ஆர். ஊசி (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கு), அதற்கு நீங்களே லீவு எடுத்துப் போங்கள்.

கொக்குவில் அம்மா

எல்லோருக்கும் நன்றி. கோப்பாய் அன்ரி, நீங்கள் எழுதியதைக் கணவருக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மா போனில் கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப கொப்பி வாங்கு" என்றார்.

நேற்று அந்த அக்காவைத் திரும்பவும் வரச் சொன்னோம். அன்ரி சொன்ன கேள்வியைக் கேட்டேன், பிள்ளைகள் விழுந்திருக்கிறார்களா என்று. அவர் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தார். இரண்டாவது வீட்டில் பெண் பிள்ளை ஒன்றுக்குத் தேத்தண்ணி கையில் ஊற்றுப்பட்டதாம். மேசை விரிப்பைப் பிள்ளை பிடித்து இழுத்திருக்கிறது. உடனே குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டே தாய்க்குப் போன் எடுத்தாராம். "அண்டைக்குப் பிறகு பிள்ளை நிக்கிற வீட்டிலே மேசைக்கு விரிப்புப் போட விடுறேல்லை" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன், எங்கள் மேசையில் விரிப்பு. அவர் எழும்பிப் போய் அதை மடித்து வைத்தார்.

சமையல் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், சம்பளம் அதே 35,000. பிந்தினால் மேலதிகம், மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு, நல்லூர்த் தேர் தீர்த்தம் வேறாக. அவர் கேட்டது ஒன்றுதான்: வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு வரலாமா என்று. எழுதிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை காலை கணவர் இரண்டு மணித்தியாலம் பிந்திப் போவதாகக் கேட்டுப் பார்க்கிறார்.

திங்கள் முதல் பழக வருகிறார். வெல்டிங் கடைக்காரர் வந்து கிணற்றை அளந்துவிட்டுப் போனார், மூடியும் படலையும் சேர்த்து வியாழக்கிழமை பூட்டித் தருவதாகச் சொன்னார். முதல் அடியைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை, அன்ரி. எனக்குச் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று நினைக்கும்போதே கண் கலங்குகிறது.

பிள்ளைகளின் அன்ரி, கோப்பாய்

அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, தங்கச்சி. படலைக் கொழுக்கியை மேலே வைக்கச் சொல்லுங்கள், கிணற்றடிப் பக்கமாக. இந்தப் பக்கம் வைத்தால் பிள்ளை கதிரையை இழுத்துவைத்து ஏறும்.